1920-கள் திகில் ஆட்டத்துக்கு மினி தேடுவது: அரக்கன் கிடைக்கிறான், பேராசிரியர் கிடைப்பதில்லை

கேள்வி, 12 ஜூன் 2023
கால் ஆஃப் கதூலு, அதாவது எழுத்தாளர் லவ்கிராஃப்டின் திகில் கதைகளை வைத்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் மேஜை ஆட்டம். களம் 1920-களின் நியூ இங்கிலாந்து, அமெரிக்காவின் வடகிழக்கு. மினி (மேஜையில் நிறுத்தும் குட்டி உருவம்) வேண்டும்: புலனாய்வாளர்கள் 6 பேர், கல்ட் (ரகசிய வழிபாட்டுக் கூட்டம்) ஆட்கள் 12, மீன்மனிதர்கள் 8, ஷோகாத் என்ற கூழ் அரக்கன் 1. எல்லாம் ஒரே கடையில் கிடைக்குமா? அரக்கர்கள்தான் கிடைப்பது கஷ்டம், அதனால் முதலில் அவர்களை வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று எண்ணம்.

12 ஜூன், மாலை
வரிசையைத் தலைகீழாக்குங்கள். அரக்கன் எப்படி இருந்தாலும் அரக்கன்தான். அளவு கூடலாம், குறையலாம், கை ஒன்று அதிகம் இருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. நிஜமாகவே கிடைக்காதது கோட்டு போட்டு, தொப்பி வைத்து, கையில் ஆயுதம் இல்லாமல் நிற்கும் சாதாரண ஆள். மினி செய்பவர்கள் யாரைச் செய்தாலும் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள். நூலகர், மருத்துவர், பத்திரிகைக்காரி, வயதான பாட்டி என்று திகில் கதைக்குத் தேவையானவர்களெல்லாம் அரிது. கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அந்த 6 பேருக்கே போகட்டும்.

தேட வேண்டிய இடங்கள்: கனடாவின் பாப் மர்ச் செதுக்கும் பல்ப் ஃபிகர்ஸ். இங்கிலாந்தில் ஆர்டிசான் டிசைன்ஸ் வெளியிடும் த்ரில்லிங் டேல்ஸ் வரிசை. நாட்டிங்காமின் நார்த் ஸ்டார் இதை விற்கிறது. மார்க் காப்பிள்ஸ்டோனின் காப்பிள்ஸ்டோன் காஸ்டிங்ஸ், குறிப்பாக பேக் ஆஃப் பியாண்ட் வரிசை. இந்த மூன்றும் உலோகம், மூன்றும் 28 மி.மீ., பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் உறுத்தாது. 7டிவி ஆட்டத்தை வெளியிடும் க்ரூக்கட் டைஸையும் பாருங்கள்.

12 ஜூன், இரவு
ஒரே கடை என்ற கேள்விக்குப் பதில் விட்டுப்போச்சு. மிக அருகில் வருவது டெக்சாஸ் டென்டனில் இருக்கும் ரீப்பர். அவர்களுடைய க்ரோனோஸ்கோப் வரிசையில் பல்ப் (அந்தக் கால மலிவு சாகசக் கதை), திகில், அறிவியல் புனைவு எல்லாம் கலந்து கிடக்கும். விலை குறைய வேண்டுமானால் போன்ஸ் என்ற பிளாஸ்டிக் வகை. அதன் குணம் தனி, அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

13 ஜூன்
"28 மி.மீ. என்று போட்டிருந்தது, வந்தது 33 மி.மீ. உயரம், ஏமாற்றிவிட்டார்கள்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஏமாற்று இல்லை. 28 என்பது பெரும்பாலும் உள்ளங்காலிலிருந்து கண் வரைக்கான அளவு. உச்சந்தலை, தொப்பி எல்லாம் அதற்கு மேல். சிலர் உச்சந்தலை வரை அளக்கிறார்கள், குழப்பம் அங்கேதான்.

விகிதமாகப் பார்ப்பது நல்லது. 28 மி.மீ.யைத் தோராயமாக 1/56, அதாவது நிஜத்தில் 56-இல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 175 செ.மீ. மனிதன் 1/56-இல் 31 மி.மீ., 1/48-இல் 36, 1/43-இல் 40 அல்லது 41, 1/64-இல் 27, 1/72-இல் 24. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேஜையில் ஒட்டி வையுங்கள், பாதித் தவறான கொள்முதல் நின்றுவிடும்.

உயரத்தைவிடக் கண்ணை உறுத்துவது தலையும் கையும். ஹீரோயிக் என்று சொல்லப்படும் மினிகளுக்குத் தலையும் மணிக்கட்டும் தடிமன். அதன் அருகில் ஒல்லியான, அளவு பிசகாத உருவத்தை வைத்தால் இரண்டும் ஒரே உயரமாக இருந்தும் ஒன்று நோஞ்சானாகத் தெரியும். வாங்குமுன் புகைப்படத்தில் தலையையும் முஷ்டியையும் ஒப்பிடுங்கள்.

15 ஜூன்
மாடல் ரயில்களோடு வைக்கும் குட்டி மனிதர்களை வாங்கலாமா என்று கேட்டவருக்கு: யோசனை சரி, அளவு தவறு. ஜெர்மனியின் ப்ரைசர் போன்றவர்கள் பெட்டி தூக்கி நிற்கும் பயணி, கன்னியாஸ்திரீ, தபால்காரர் என்று நமக்கு வேண்டிய ஆட்களையே செய்கிறார்கள். ஆனால் ஓ அளவு 1/43 முதல் 1/48 வரை, நம் ஆட்கள் பக்கத்தில் ராட்சதர். எச்ஓ அளவு 1/87, எறும்பு. நடுவில் எஸ் அளவு 1/64. அது பெரியவர்களுக்குக் குட்டை, பதின்வயதுப் பிள்ளைகளாக வைத்தால் கச்சிதம். திகில் கதையில் ஒரு செய்தித்தாள் பையன் எப்போதும் வேண்டும்.

16 ஜூன்
ஆயுதம் பிடித்தவரை ஆயுதம் இல்லாதவராக்குவது. உலோக மினி, இரண்டு கையாலும் தாம்சன் துப்பாக்கி பிடித்த குண்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முன்பக்கக் குழாயைக் கட்டரால் ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். வெள்ளீயக் கலவை மென்மையானது, நசுங்கும், கூடவே விரல்களும் நசுங்கும். முதலில் குழாயின் நுனி, பிறகு நடு, பிறகு கைக்கு ஒரு மி.மீ. முன்னால் என்று மூன்று வெட்டு. மீதியை ஊசி அரத்தால் தேய்க்கவும். அரத்தின் பற்களில் உலோகம் அப்பிக்கொண்டால் தேய்க்காது, வழுக்கும். பித்தளைத் தூரிகையால் அவ்வப்போது துடையுங்கள். அடிக்கட்டையும் போனபின் இரண்டு முஷ்டிகளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி நிற்கும். அங்கே புத்தகம்.

22 செ.மீ. புத்தகம் 1/56-இல் 4 மி.மீ.தான். அப்படியே செய்தால் தீப்பெட்டிபோல் தெரியும். 5க்கு 4 மி.மீ. என்று சற்றுப் பெரிதாக்குங்கள். கிரீட்டிங் கார்டு அட்டையில் உறை, உள்ளே மூன்று நான்கு தாள் அடுக்கு, விளிம்பில் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு ஊறவிட்டால் பிளாஸ்டிக்போல் இறுகிவிடும். கைவிளக்கு வேண்டுமானால் 1 மி.மீ. பித்தளைக் கம்பி 4 மி.மீ. நீளம், நுனியில் ஒரு பாசிமணி.

கை மாற்ற வேண்டியிருந்தால் கட்டாயம் ஊசி கோக்க வேண்டும். 0.8 மி.மீ. டிரில், கையால் சுழற்றும் பின் வைஸ், இரண்டு பக்கமும் 3 மி.மீ. ஆழத் துளை, நடுவில் பித்தளைக் கம்பி. வெறும் பசையில் ஒட்டிய உலோகக் கை மேஜையில் ஒருமுறை விழுந்தால் போச்சு.

17 ஜூன்
நிரப்புப் பசைக்கு க்ரீன் ஸ்டஃப் கிடைக்காவிட்டால் எம்-சீல் போதும். சொரசொரப்பு அதிகம், சீக்கிரம் இறுகும், நுண்ணிய முகம் செதுக்க ஆகாது. கோட்டின் ஓரம் நீட்ட, இடுக்கு அடைக்க, பேஸில் (மினி நிற்கும் அடித்தட்டு) மண் செய்ய நன்றாகவே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையுங்கள். ஈரத் துணி பக்கத்தில் இருக்கட்டும்.

19 ஜூன்
பெண் புலனாய்வாளர்கள். கேள்வியிலேயே அவர்களைச் சொல்லவில்லை, ஆனால் ஆறில் இரண்டு மூன்று பேராவது பெண் பாத்திரமாக இருப்பார்கள். கிடைப்பதில் பாதி காபரே நடனக்காரி, மீதியில் பாதி இடுப்பில் கைத்துப்பாக்கியோடு சாகசக்காரி. ஆய்வாளர், செவிலி, வீட்டுக்கார அம்மா தேடினால் கை வலிக்கும்.

வழி: தலை மாற்று. நீளக் கோட்டு போட்ட ஆண் உடல், ஸ்டாச்சூஸ்க் மினியேச்சர்ஸ் தனியாக விற்கும் பெண் தலை. கழுத்தைக் காலருக்குச் சற்று மேலே வெட்டி, 0.8 துளை, மேலே சொன்ன அதே கம்பி. தலையை நேர் முன்னால் பார்க்க வைக்காமல் 20 டிகிரி திருப்பி ஒட்டுங்கள், வெட்டு தெரியாது. கோட்டுத் தோள் மிகவும் அகலமாக இருந்தால் அரத்தால் இரண்டு பக்கமும் அரை மி.மீ. இறக்குங்கள். அந்த அரை மி.மீ. செய்யும் வேலை ஆச்சரியமானது.

20 ஜூன்
கல்ட் ஆட்கள் 12: ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற மாயாஜால ஆட்டத்தின் கல்டிஸ்ட்ஸ் பிளாஸ்டிக் பெட்டி. 20 உருவம், தலையும் கையும் தனித்தனி. மத்தியகாலக் கோடரிகளை விட்டுவிட்டுக் கத்தியும் வெறுங்கையும் ஒட்டுங்கள். சதுப்பு நிலத்தில் தீ மூட்டி ஆடும் கூட்டத்துக்கு அப்படியே பொருந்தும். நகரத்துப் பணக்கார ரகசியச் சபைக்குப் பொருந்தாது. அதற்கு உலோகத்தில் அங்கி போட்டவர்கள் இரண்டு பேர் மட்டும் தலைவர்களாக, மீதிப் பேர் சாதாரணக் கோட்டுக்காரர்கள். பகலில் வங்கி குமாஸ்தா, இரவில் பலி கொடுப்பவன் என்றால் அந்த முகம்தான் வேண்டும்.

மீன்மனிதர் 8: கனடாவின் ராஃப்ம், கால் ஆஃப் கதூலுவை வெளியிடும் கேயாசியத்தின் உரிமம் பெற்றே கதூலு மினிகள் செய்தவர்கள். 8 பேரையும் முழு மீனாக வாங்க வேண்டாம். 4 முழு மீன், 4 மனிதரிலிருந்து பாதி மீனாக மாறியவர். பாதி மாறியவர் நீளக் கோட்டுக் குடிமக்கள்தான். காதை மழித்து, கண் இருக்கும் இடத்தில் பசை உருண்டை இரண்டு, வாயை அகலக் கீறி, கழுத்தில் மூன்று கீறல். பத்து நிமிட வேலை. கதையில் பயம் வருவது இவர்களைப் பார்க்கும்போதுதான்.

22 ஜூன்
ஒட்டவில்லை என்று வந்த கேள்விக்குச் சுருக்கமாக. பெட்டியில் சட்டத்தோடு வரும் கடினப் பிளாஸ்டிக் பாலிஸ்டைரின், அதற்கு மட்டும்தான் பிளாஸ்டிக் சிமென்ட். அது இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கும். உலோகம், ரெசின், போன்ஸ் எதையும் அது கரைக்காது, ஆகவே ஒட்டாது. அவற்றுக்கு ஃபெவிக்விக் வகைப் பசை. கனமான உலோகத் துண்டுக்கு அரால்டைட்டும் கம்பியும்.

25 ஜூன்
போன்ஸ் பற்றி எழுதுவதாகச் சொன்னது.

அது பிவிசி வகை, வளையும். வாளும் கைத்தடியும் கோணலாக வந்தால் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம், எடுத்து நேராக்கிப் பிடித்து உடனே ஐஸ் தண்ணீரில். ஐஸில் போடாமல் காற்றில் ஆறவிட்டால் பழைய கோணலுக்கே திரும்பும்.

பூசுமுன் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கியும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முதல் பூச்சில் தண்ணீர் கலக்காதீர்கள், கலந்தால் தாமரை இலைத் தண்ணீராக உருளும். ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) சில இந்தப் பிளாஸ்டிக்கின் மேல் காயவே காயாது, நாள்கணக்கில் பிசுபிசுக்கும். தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமர்தான் பாதுகாப்பு. போன்ஸ் பிளாக் என்று வருவது இன்னும் கெட்டி, நுணுக்கமும் தெளிவு. முகம் முக்கியமான மினிக்கு அதை எடுங்கள்.

26 ஜூன்
ஸ்ப்ரே பிரைமர் பற்றிச் சென்னையிலிருந்து கேட்டவருக்கு: ஸ்ப்ரே டப்பாவை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்க வேண்டாம், அழுத்த டப்பா விமானத் தபாலில் ஏறாது. உள்ளூர் ஸ்ப்ரே என்றாலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூத்து மாவுபோல் இருக்கும். மே, ஜூன் உச்சி வெயிலில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல்போல் படியும். காலை 7 மணிக்கு, 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், மெல்லிய இரண்டு வீச்சு. தூரிகைப் பிரைமருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

1 ஜூலை
முப்பரிமாண அச்சு. ரெசின் அச்சுப்பொறி இருக்கும் நண்பர் கிடைத்தால் குடிமக்கள் பஞ்சம் பெருமளவு தீரும். மைமினிஃபேக்டரி போன்ற தளங்களில் எஸ்டிஎல் கோப்பாக 1920-களின் ஆட்கள் கிடைக்கிறார்கள்.

அடுக்குத் தடிமன் 0.05 மி.மீ. போதும், முகத்துக்கு 0.03. உருவத்தைச் சுமார் 30 டிகிரி பின்னுக்குச் சாய்த்து வையுங்கள், அச்சாகும்போது உருவத்தைப் பிடித்து நிற்கும் தாங்கிகளின் தழும்பு முதுகில் விழும், முகத்தில் விழாது. அச்சிட்டதும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் இரண்டு தனித்தனிக் குளியல், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். முழுக்கக் காய்ந்தபின்தான் புற ஊதா ஒளி. ஈரத்தோடு ஒளி காட்டினால் வெள்ளைப் படலம் வரும். கையுறை இல்லாமல் திரவ ரெசினைத் தொடவே கூடாது, தோலில் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் விடாது.

பல கோப்புகள் 32 மி.மீ. அளவுக்குச் செய்தவை. 28-க்குக் கொண்டுவர 88 சதவீதமாகச் சுருக்கினால் போதும்.

2 ஜூலை
நேற்று எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன், அப்படியே செய்தால் அச்சு பாழாகும். தாங்கிகளோடு வரும் கோப்பைச் சுருக்கினால் தாங்கிகளும் சேர்ந்து சுருங்கும். 0.4 மி.மீ. தொடுமுனை 0.35 ஆகிவிடும், கை பாதியில் அறுந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். தாங்கி இல்லாத வெறுங்கோப்பை எடுத்து, முதலில் சுருக்கி, பிறகு தாங்கிகளைப் புதிதாகப் போடுங்கள். தாங்கியைப் பிடுங்குமுன் வெந்நீரில் அரை நிமிடம் வைத்தால் பள்ளம் விழாமல் வரும்.

இன்னொன்று. சாதாரண ரெசின் கண்ணாடிபோல் உடையும். கைத்தடி, குடை, துப்பாக்கிக் குழாய் உள்ள மினிக்கு வளையும் வகை ரெசினைப் பத்தில் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள்.

3 ஜூலை
அச்சிட்டு விற்பவரிடம் வாங்கினால் அவரிடம் வணிக உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கோப்பு வாங்கியவர் தனக்கு அச்சிட்டுக்கொள்ளலாம், விற்க அது தனி உரிமம். அனுமதியில்லாமல் வார்த்த ரெசின் நகல்களும் சந்தையில் உலவுகின்றன. விலை பாதியாக இருக்கும், பொத்தான்களும் கண்ணிமையும் மழுங்கியிருக்கும், அக்குளிலும் தாடைக்கடியிலும் காற்றுக் குமிழி, அடிப்பட்டையில் செய்தவர் பெயர் இருக்காது. இந்தச் சாதாரண மனிதர்களைச் செதுக்குபவர்கள் பலர் ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துகிறார்கள். அவர்களுக்குப் போக வேண்டிய பணம் வேறிடம் போனால் அடுத்த பேராசிரியர் வரமாட்டார்.

8 ஜூலை
பேச்சு கார்களுக்குப் போய்விட்டது, போகட்டும். 1920-களின் தெருவுக்குக் கார் வேண்டும்தான். மேட்ச்பாக்ஸின் பொம்மைக் கார் வரிசை மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர் 1956-இல் தொடங்கியது, பழைய சாமான் கடைகளில் நிறையக் கிடைக்கும். லெடோவின் டேஸ் கான் இன்னும் மலிவு. இரண்டின் பின்னாலும் ஜாக் ஓடெல் இருக்கிறார்; அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் லெடோ. 1/43 எது கிடைத்தாலும் எடுங்கள்.

9 ஜூலை
"எது கிடைத்தாலும்" என்றது அவசரம். இந்த வரிசைகளில் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அளவு மாடலுக்கு மாடல் மாறும். அட்டையை நம்பாமல் அளவுகோலை எடுங்கள். ஃபோர்டு மாடல் டி-யின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 100 அங்குலம், அதாவது 2,540 மி.மீ. 1/56-இல் 45 மி.மீ., 1/50-இல் 51, 1/48-இல் 53, 1/43-இல் 59. நம் ஆட்கள் இரண்டு மூன்று மி.மீ. பேஸின் மேல் நிற்பதால் 51, 53 கண்ணுக்குச் சரியாக இருக்கும். 59 மூடிய காராக ஓரத்தில் நின்றால் பரவாயில்லை. திறந்த கார் என்றால் வேண்டாம், ஸ்டியரிங் சக்கரமும் இருக்கையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

15 ஜூலை
பழைய மினி வாங்குபவர்களுக்கு. 1980-களின் உருவங்களில் ஈயம் உண்டு. 1993-இல் நியூயார்க்கில் ஈயத்துக்கு எதிராக வந்த மசோதாவுக்குப் பிறகுதான் அமெரிக்க நிறுவனங்கள் ஈயமில்லாக் கலவைக்கு மாறத் தொடங்கின. விற்பவர் அனுப்பும் படத்தில் மடிப்புகளுக்குள் சாம்பல் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது தூசி இல்லை, ஈயம் அரித்து கார்பனேட் ஆகிறது. ஓக் மரப் பெட்டி, புது எம்டிஎஃப் அலமாரி, அட்டைப்பெட்டி இவற்றிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவிதான் காரணம். மூடிய இடத்தில் வேகம் கூடும். பொடியை உலர்வாகத் தட்டாதீர்கள், நச்சு. முகமூடி, கையுறை, ஈரத் தூரிகை, துடைத்த துணியைக் கட்டிக் குப்பையில். முகம் குழி விழுந்திருந்தால் வாங்கவே வேண்டாம். வாங்கியதைப் பிளாஸ்டிக் அல்லது எஃகுப் பெட்டியில் காற்றோட்டத்தோடு வையுங்கள். குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

விஸ்கிட்ஸ் 2006-இல் விட்ட ஹாரர்கிளிக்ஸ் இதைவிட நல்ல பழைய சரக்கு. வண்ணம் பூசியே வரும், ஈயம் இல்லை. சுழலும் தட்டிலிருந்து பிரிக்க வெந்நீரில் நனைத்து, பாதத்தின் அடியில் மெல்லிய கத்தியைப் படுக்கையாகச் செலுத்துங்கள். உளிபோல் நெம்பினால் கணுக்கால் பிய்யும்.

30 ஜூலை
ஷோகாத். இதை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லவ்கிராஃப்ட் வர்ணிப்பது குமிழிகள் ஒட்டிய கூழ், உருண்டால் சுமார் 15 அடி குறுக்களவு. 1/56-இல் அது 82 மி.மீ. ஆகவே 80 மி.மீ. எம்டிஎஃப் வட்டு.

அலுமினியத் தாளைக் கசக்கி 40 மி.மீ. உயரக் குவியல். நேராக அதன்மேல் சூட்டுப்பசை போட்டால் தாள் சூட்டை உறிஞ்சிவிடும், பசை பிடிக்காமல் தோலாக உரியும். முதலில் மாஸ்கிங் டேப் சுற்றுங்கள். பிறகு 11 மி.மீ. பசைக்குச்சி மூன்று, கீழிருந்து மேலாகச் சொட்டுச் சொட்டாக. ஒரு சொட்டு ஆறியபின் அதன் அருகில் அடுத்தது, அவசரப்பட்டால் எல்லாம் ஒன்றாகி இட்லி மாவுபோல் வழிந்துவிடும். சூடாக இருக்கும்போதே 2 மி.மீ., 4 மி.மீ. கண்ணாடி மணிகளைப் பாதி புதைய அழுத்துங்கள், கூட்டமாக ஓரிடத்தில் ஐந்தாறு, வேறிடத்தில் ஒன்று. துளை பக்கவாட்டில் போகட்டும்.

பசையின் மேல் பெயின்ட் உரியும். ஃபெவிகாலும் முகப் பவுடரும் குழைத்து ஒரு கை பூசிக் காயவிட்டால் நிற்கும். கறுப்பு, அதன்மேல் கருநீலப் பச்சை உலர்தூரிகை (பெயின்ட்டைத் துடைத்துவிட்டு லேசாகத் தேய்ப்பது), குமிழி முகடுகளில் மட்டும் வெளிர் பச்சை. பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு. கண்களை அதற்கப்புறம் வரையுங்கள், எல்லாம் வேறு வேறு பக்கம் பார்க்கட்டும்.

31 ஜூலை
வெயிலில் நிறுத்திய காருக்குள் ஷோகாத்தை விடாதீர்கள். சூட்டுப்பசை இளகிச் சரியும்.

6 ஆகஸ்ட்
பேஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், இது முதலிலேயே வந்திருக்க வேண்டும். ஐந்து இடத்தில் வாங்கிய மினிகளை ஒரே கூட்டமாகக் காட்டுவது பேஸ்தான். ஆட்கள் எல்லாருக்கும் 25 மி.மீ. வட்டம், ஒரே தடிமன், ஒரே மண் நிறம், விளிம்பு கறுப்பு. இங்கிலாந்தில் 2 பென்ஸ் நாணயத்தை ஒட்டுவார்கள்: 25.9 மி.மீ., 1992 முதல் உள்ளே எஃகு, காந்தம் பிடிக்கும். இந்தியாவில் நாணயத்தைச் சிதைப்பது 2011 நாணயச் சட்டப்படி குற்றம், அந்தப் பக்கம் போக வேண்டாம். ஹார்டுவேர் கடையில் எட்டு எம்எம் போல்ட்டுக்கான, வெளிவட்டம் 25 மி.மீ. உள்ள அகல வாஷர் கேளுங்கள். நடுத் துளையை டேப்பால் மூடி எம்-சீல் தடவினால் முடிந்தது. கடலோர ஊர் என்றால் விளிம்பிலும் அடியிலும் பிரைமர் கட்டாயம், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வரும்.

உலோக மினியில் அடியோடு சேர்ந்த மெல்லிய தகடு இருக்கும், அதை வாஷரின் மேலேயே ஒட்டலாம். கால்களுக்கிடையே பட்டை வருபவற்றின் பட்டையை வெட்டி, பாதத்தில் 0.8 துளை போட்டு, மேலே பூசிய எம்-சீலில் கம்பியை இறக்குங்கள். பிறகு எல்லா மினிகளையும் வரிசையாக நிறுத்திக் கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். யாராவது ஒருவர் மட்டும் குட்டையாகத் தெரிந்தால் அவர் பாதத்தின் கீழ் ஒரு மி.மீ. மரச்சில் வையுங்கள், நடைபாதை விளிம்பில் நிற்கிறார் என்று ஆகிவிடும்.

7 ஆகஸ்ட்
28 வாஷர் வாங்குங்கள். 26 ஆட்கள், கூடுதலாக இரண்டு: புலனாய்வாளர் ஒருவர் முதல் ஆட்டத்திலேயே சாவார், அவருக்குப் பதில் வருபவருக்கும் கோட்டு, தொப்பி, வெறுங்கை வேண்டும்.